கழுத்துத் துளை மூடிய பிறகு

நேயர்களுக்கு வணக்கம். வென்டிலேட்டரில் நாள்கணக்காக இருக்கும் ஒருவருக்குக் கழுத்தில் துளை போட வேண்டும் என்றால், அதாவது டிரக்கியாஸ்டமி என்றால், வீட்டார் கேட்கும் முதல் கேள்வி: கத்தி வைத்தா, ஊசி வழியாகவா?

இரண்டும் உண்டு. பழைய முறையில் தோலைக் கீறி, தசையை விலக்கி, மூச்சுக்குழாயைக் கண்ணால் பார்த்துத் திறப்பார்கள். மற்றதில் ஊசி வழியே மெல்லிய கம்பியை உள்ளே விட்டு, அதன்மேல் விரிப்பானை நகர்த்தித் துளையைப் பெரிதாக்குவார்கள். 1985-இல் சியாக்லியா என்ற மருத்துவர் இதை வெளியிட்டபோது, ஒன்றைவிட ஒன்று பருமனான பல விரிப்பான்கள் தேவைப்பட்டன. இப்போது நுனி கூம்பிய ஒன்றே போதும்.

ஊசி முறையில் காயத்தில் சீழ் பிடிப்பது குறைவு. ஆனால் பல மாதங்கள் கழித்து வரும் மூச்சுக்குழாய்ச் சுருக்கத்தில் எது மேல் என்று அடித்துச் சொல்ல முடியவில்லை. விரிப்பானை அழுத்தும்போது குருத்தெலும்பு வளையம் உடைந்து உள்பக்கம் மடங்கலாம். கத்தி முறையில் குருத்தெலும்பை அதிகமாக வெட்டிவிட்டால் சுவர் தாங்குவதில்லை. இரண்டிலும் தழும்பு இறுகி வழி குறுகும். என்னைக் கேட்டால், முறையைப் பற்றிய விவாதத்துக்கு அளவுக்கு மீறி நேரம் போகிறது.

துளை வழியே மூச்சுக்குழாய்க்குள் வைக்கும் குழாயின் நுனியருகே ஒரு சிறு பலூன் இருக்கிறது. அதன் அழுத்தம் 20 முதல் 30 சென்டிமீட்டர் நீரளவுக்குள் இருக்க வேண்டும். கூடினால் உட்சவ்வுக்கு ரத்தம் போகாது. புண்ணாகும், பிறகு தழும்பாகும். விரலால் அமுக்கிப் பார்த்து "சரியாக இருக்கிறது" என்பது போதாது, அழுத்தமானியில் அளக்க வேண்டும். அதற்கும் முன்னால், வென்டிலேட்டருக்காக வாய் வழியே போட்ட குழாய் பல நாள் இருந்ததில் குரல்வளையே புண்ணாகியிருக்கலாம். பழி மட்டும் கழுத்துத் துளைமேல் விழும்!

சிக்கல் என்னவென்றால், இந்தச் சுருக்கம் சத்தமில்லாமல் வளரும். வழி ஏறக்குறைய பாதியாகக் குறுகும்வரை பலருக்கு ஒன்றும் தெரியாது. அப்புறம் மாடி ஏறினால் மூச்சு வாங்கும். ஆஸ்துமா என்று இன்ஹேலர் கொடுப்பார்கள், கேட்காது. மார்பு எக்ஸ்ரேயும் பெரும்பாலும் சாதாரணமாகவே இருக்கும். மூச்சை உள்ளே இழுக்கும்போது கரகரப்பான ஓசை வந்தால் உடனே சந்தேகப்பட வேண்டும். ஓய்வாக இருக்கும்போதே அந்த ஓசை வந்தால் அது அவசரம். "எனக்கு டிரக்கியாஸ்டமி செய்திருந்தார்கள்" என்று நீங்களே மருத்துவரிடம் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியையும் காட்டுங்கள். மூச்சுக்குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்க்கும் பிராங்கோஸ்கோபியிலும் கழுத்து சி.டி. ஸ்கேனிலும் சுருக்கம் தெரிந்துவிடும். பலூனால் விரிக்கலாம், தேவைப்பட்டால் சுருங்கிய பகுதியை வெட்டி எடுத்து இரு முனைகளையும் இணைக்கலாம்.

இன்னொன்று. தண்ணீர் குடித்தவுடன் புரையேறி இருமல் வந்தால், விழுங்கும் திறன் குறைந்திருக்கலாம். அரிதாக, மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவே ஓட்டை விழுந்திருக்கலாம். குழாயை எடுத்துப் பல வாரமாகியும் துளை மூடாமல் காற்று கசிகிறதா? அதைத் தைத்து மூடுவது சிறிய ஆபரேஷன்தான். ஆனால் மூடும் முன் துளைக்கு மேலே மூச்சு வழி திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.