அர்ச்சுனன் மணந்தது மாமன் மகளையே

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். மாமன் மகளையும் அத்தை மகளையும் மணப்பதைக் கதைகளில் உயர்வாகக் காட்டுவது மதநெறிக்கு இழுக்கு என்று வாதிட்ட எதிரணியினர், அத்தகைய உறவு கொண்டவன் சாந்திராயணம் என்னும் கழுவாய் நோன்பு இருக்க வேண்டும் என்னும் மனுநூல் விதியைச் சான்று காட்டினார்கள். அந்த விதி இருப்பது உண்மையே. மதநெறி அவ்வளவுதான் என்பதையே நான் மறுக்கிறேன்.

பழைய அறநூலான பௌதாயன தர்மசூத்திரம் இந்த மணங்களைத் தென்னாட்டு வழக்கங்களுள் சேர்த்துச் சொல்கிறது. அந்தந்த நாட்டு வழக்குக்கு அந்தந்த நாடே பிரமாணம் என்ற கருத்தையும், அதை ஏற்காத கௌதமர் என்னும் அறநூலாசிரியரின் மறுப்பையும் அடுத்தடுத்து வைக்கிறது. சாத்திரத்துக்குள்ளேயே வழக்காடப்பட்ட ஒன்றை, முடிந்துபோன தீர்ப்பைப்போல் எழுத்தாளர்மேல் சுமத்துவது எப்படி முறையாகும்?

மகாபாரதத்துக்கு வருகிறேன். குந்தி வசுதேவருடன் பிறந்தவள். சுபத்திரை வசுதேவரின் மகள். ஆகவே அர்ச்சுனன் மணந்தது தன் மாமன் மகளை. இது இடறியதால்தான், ஏழாம் நூற்றாண்டளவில் வாழ்ந்த மீமாம்சை (வேத விதிகளை ஆராயும் துறை) அறிஞர் குமாரிலபட்டர், சுபத்திரை கண்ணனுக்கு உடன்பிறந்தவள் அல்லள், தூரத்து உறவில்தான் தங்கை என்று விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. அவருடைய புலமைக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் விதியைக் காப்பதற்காகக் கதையில் ஒரு பெண்ணின் பிறப்பையே மாற்றிச் சொல்ல நேர்ந்தது என்பது என்னை உறுத்துகிறது. எதிரணியினர் இன்றைய எழுத்தாளர்களிடம் கேட்பதும் அதைத்தான்.

தென்னாட்டுக் கதைமரபோ எதையும் மறைக்கவில்லை. வியாசர் சொல்லாத வத்சலையைப் பலராமனின் மகளாக்கி, அவளை அபிமன்யுவுக்கு மணமுடித்து மகிழ்ந்தது. அவள் அவனுக்குத் தாய்மாமன் மகள், அதாவது முறைப்பெண். பெரியப்பா மகளைத் தங்கை என்றும் மாமன் மகளை முறைப்பெண் என்றும் பிரித்தழைக்கும் தமிழில், இருவரையும் ஒரே தட்டில் வைத்து ‘உடன்பிறந்தாரின் மணம்’ என்று பழிப்பது நம் உறவுமுறையையே அறியாத பேச்சு. இந்து திருமணச் சட்டம், 1955, சபிண்ட உறவினரின், அதாவது குறிப்பிட்ட தலைமுறைகளுக்குள் பொது முன்னோரைக் கொண்ட நெருங்கிய உறவினரின், மணத்தைத் தடுக்கும் இடத்திலேயே, வழக்கம் அனுமதித்தால் செல்லும் என்று விலக்கும் அளிக்கிறது.

நெருங்கிய உறவில் மணந்தோரின் பிள்ளைகளுக்குச் சில மரபுநோய்கள் வரும் வாய்ப்பு கூடுதல் என்பதை நான் மறுக்கவில்லை. மணம் பேசும் குடும்பங்கள் மருத்துவரைக் கலந்துகொள்ளட்டும். அது மருத்துவம் எழுப்பும் கவலை. அதை மதத்தின் பெயரால் கதையாசிரியர்மேல் தடையாக்குவதை இந்த அவை ஏற்கக் கூடாது என்று வேண்டி அமர்கிறேன்.