பூதமுக பேட்ஜ்: முகத்தை விடுங்கள், முதுகைப் பாருங்கள்

(திரையில்: ஒரு வட்டத் தகர பேட்ஜ். முதலில் முன்பக்கம், பிறகு மெதுவாகத் திரும்பிப் பின்பக்கம்.)

வணக்கம். சட்டைப் பையில் குத்திக்கொள்ளும் சிறிய வட்ட பேட்ஜ். அதில் பச்சை முகம், கோரைப்பல், பிதுங்கிய கண்கள். மதுரையில் 1980களிலும் 1990களிலும் பள்ளிக்குச் சென்றவர்களில் சிலரிடமாவது இப்படி ஒன்று இருந்திருக்கும். சித்திரைப் பொருட்காட்சி நடந்த நாள்களில் தமுக்கம் மைதானத்தில் வாங்கியிருக்கலாம். பெட்டிக்கடையில் தொங்கிய பரிசு அட்டையில் சீட்டைக் கிழித்தபோது கிடைத்திருக்கலாம். சிங்கப்பூரிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ வந்த மாமாவின் பெட்டியில் சோப்புக்கும் கைக்கடிகாரத்துக்கும் நடுவே வந்திருக்கவும் கூடும். அதே பேட்ஜை மறுபடியும் தேடிப் பிடிக்க விரும்புகிறவர் எங்கே தொடங்க வேண்டும் என்பதைத்தான் இந்தக் காணொளியில் விளக்கப் போகிறோம்.

தேடுகிறவர்கள் ஏறக்குறைய எல்லோரும் முகத்தையே வர்ணிக்கிறார்கள். பச்சை மூஞ்சி, நெற்றியில் தையல், வாயோரத்தில் ரத்தம் என்று சொல்லிவிட்டு, "இது எங்கே கிடைக்கும்?" என்று கேட்கிறார்கள். அந்த வர்ணனை பொருந்தக்கூடிய பேட்ஜ்கள் உலகத்தில் ஏராளம் என்பதால் அதை வைத்துக்கொண்டு ஓர் அடிகூட நகர முடியாது. பேட்ஜின் பிறப்பிடத்தைச் சொல்வது அதன் முதுகு. குத்தும் ஊசி எந்த வகை, விளிம்பு எப்படி மடிக்கப்பட்டிருந்தது, உள்ளே காகிதம் இருந்ததா என்ற மூன்று கேள்விகளுக்கு விடை தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

(திரையில்: இரண்டு பேட்ஜ்கள் பிரித்துக் காட்டப்படுகின்றன.)

இடப்பக்கம் இருப்பது காகித பேட்ஜ். ஒரு தகர மூடி, அதன்மேல் அச்சிட்ட வட்டக் காகிதம், அதற்கும் மேலே ஒளி ஊடுருவும் மெல்லிய தாள், பின்புறம் ஊசி பொருத்திய தட்டு. கை மெஷினில் இருமுறை அழுத்தினால் போதும்: முதல் அழுத்தத்தில் மூடியும் காகிதமும் தாளும் ஒன்றாக மெஷினின் மேல் டையில் (அழுத்தும் அச்சில்) ஏறிக்கொள்ளும், இரண்டாவது அழுத்தத்தில் விளிம்பு உள்நோக்கி மடிந்து பின்தட்டைக் கவ்விக்கொள்ளும். இந்த அமைப்புக்கு அமெரிக்காவின் நெவார்க் நகரைச் சேர்ந்த ஒயிட்ஹெட் அண்ட் ஹோக் நிறுவனம் 1896இல் காப்புரிமை பெற்றது. அதன் சாரம் இன்றுவரை மாறவில்லை. கட்சி மாநாட்டுக்கும் ரசிகர் மன்றத்துக்கும் பள்ளி ஆண்டு விழாவுக்கும் நம் ஊரில் அடித்துத் தரும் பேட்ஜ்களும் இதே முறையில் தயாரானவைதான்.

வலப்பக்கம் இருப்பது லித்தோ பேட்ஜ். இதில் காகிதமும் கிடையாது, மேல்தாளும் கிடையாது. பெரிய தகரத் தகட்டில் நேரடியாகப் பல முகங்களை வரிசையாக அச்சிட்டு, பிறகு ஒவ்வொன்றாக வெட்டி, விளிம்பைச் சுருட்டியிருப்பார்கள். பின்புறம் முழுவதும் திறந்திருக்கும். வளைத்த ஒற்றைக் கம்பி தன் விறைப்பினாலேயே விளிம்புக்குள் நின்றுகொள்ளும். நகத்தால் கீறினால் மை உரிந்து வெள்ளித் தகரம் தெரியும். (வாங்குவதற்கு முன் கீறிப் பார்க்காதீர்கள், கடைக்காரரிடம் திட்டு வாங்க நேரிடும்.)

இந்த வேறுபாடு முக்கியமானது. காகித பேட்ஜை ஒரு கை மெஷின் வைத்திருக்கும் எவரும் ஐம்பது, நூறு என்று அடித்து விற்றிருக்க முடியும். அதற்குப் பட்டியலோ வரிசை எண்ணோ இருக்காது. லித்தோ பேட்ஜை ஆயிரக்கணக்கில் அடித்தால்தான் செலவு கட்டுப்படியாகும். ஆகவே அதில் பல மிச்சமிருக்கும், எங்கோ ஒரு சேகரிப்பாளர் அதைப் பதிவும் செய்திருப்பார். எனவே உங்கள் நினைவில் இருப்பது லித்தோ என்றால் வெளிநாட்டு இணைய ஏலங்களில் தேடுங்கள். காகிதம் என்றால் அங்கே நேரத்தை வீணாக்காமல், மதுரையைச் சுற்றியுள்ள பரண்களிலும் பழைய பொருள் கடைகளிலும் தேடுங்கள்.

லித்தோ வகையில் ஒரு சிக்கல் உண்டு. பல முகங்கள் சேர்ந்து ஒரு தொகுப்பாக வந்திருந்தாலும், அந்தத் தொகுப்பின் பெயர் பேட்ஜில் பெரும்பாலும் இருக்காது. அவை செருகப்பட்டிருந்த கடை அட்டையிலோ பெட்டியிலோதான் அச்சாகியிருக்கும். ஆகவே பேட்ஜைத் தேடுவதோடு அட்டையையும் தேட வேண்டும். விளிம்பின் மடிப்பில் சாய்வாக ஒளி விழும்படி பார்த்தால், தயாரிப்பாளர் பெயரோ ஜப்பான், ஹாங்காங் போன்ற நாட்டுப் பெயரோ பொடி எழுத்தில் தெரியக்கூடும். இணையத்தில் தேடும்போது அமெரிக்க விற்பனையாளர்கள் பின்பேக் (pinback) என்றும் பட்டன் (button) என்றும் பிரிட்டிஷ்காரர்கள் பேட்ஜ் (badge) என்றும் குறிப்பிடுவதால், எல்லாச் சொற்களையும் போட்டுப் பாருங்கள்.

(திரையில்: தட்டையான தலை கொண்ட ஓர் உருவத்தின் கோட்டோவியம்.)

முகம் அறவே பயனற்றது என்று சொல்லிவிடவும் முடியாது. தட்டைத் தலையும் கழுத்தில் ஆணியும் கொண்ட அந்த உருவத்தை எடுத்துக்கொள்வோம். அது இடம்பெறும் ஃபிராங்கன்ஸ்டைன் நாவல் 1818இல் வெளியானது. அதன் கதை யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் தட்டைத் தலை, 1931இல் ஹாலிவுட்டின் யுனிவர்சல் நிறுவனம் எடுத்த படத்துக்காக ஒப்பனைக் கலைஞர் ஜேக் பியர்ஸ் உருவாக்கியது. அதற்கு அந்த நிறுவனம் உரிமை கொண்டாடுகிறது. யுனிவர்சலின் பழைய திகில் படங்கள் 1957இல் ஒரு தொகுப்பாக அமெரிக்கத் தொலைக்காட்சி நிலையங்களுக்குத் தரப்பட்ட பிறகுதான், அங்கே சிறுவர்களிடையே பூத மோகம் பரவி, பொம்மைகளும் பேட்ஜ்களும் குவிந்தன. முறைப்படி உரிமம் பெற்ற பேட்ஜில் உரிமைக் குறிப்பு அச்சாகியிருக்கும். பெறாதவர்கள் ஆணியை எடுத்துவிட்டு, தலையை உருட்டி, மூன்றாவது கண் ஒன்றைச் சேர்த்துப் பெயரில்லாத பூதமாக்கிவிடுவார்கள். என் ரசனைக்கு இந்தப் பெயரில்லாத பூதங்களே அழகு.

இந்த வெளிநாட்டுச் சரக்கு அந்தக் காலத்தில் மதுரைக்கு வந்த வழி குறுகலானது. நுகர்பொருள் இறக்குமதிக்கு இருந்த அளவுக் கட்டுப்பாடுகள் 2001 ஏப்ரலில்தான் முற்றாக விலகின. அதற்கு முன் பெரும்பாலும் பயணிகளின் பெட்டிகள்தான் வழி. கடல் கடந்து போய்வந்தோர் மிகுந்த சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களைத் தேடலில் சேர்க்கச் சொல்வது இதனால்தான்.

அளவுக்கு வருவோம். சிறுவயதில் கை சிறியது. ஆகவே நினைவில் பேட்ஜ் எப்போதும் பெரிதாகவே இருக்கும். அதை நம்ப வேண்டாம். பழைய குடும்பப் புகைப்படம் ஒன்றில் பேட்ஜ் குத்திய சட்டை இருந்தால் அதுவே நல்ல அளவுகோல். ஆண்கள் சட்டையின் பொத்தான் ஏறத்தாழ 11 மில்லிமீட்டர். பேட்ஜ் பொத்தானைப் போல இரு மடங்கு இருந்தால் 22 மில்லிமீட்டர். அது சிறிய லித்தோ பேட்ஜின் வழக்கமான அளவு. நான்கு மடங்கு என்றால் 44, ஐந்து மடங்கைச் சற்றே தாண்டினால் 58. இவ்விரண்டும் கை மெஷின் டைகளின் வழக்கமான அளவுகள். சிறுவர் சட்டையில் பொத்தான் கொஞ்சம் சிறிதாக இருக்கலாம் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

அசைத்தால் கண் சிமிட்டும் பூதம் தனி இனம். அதன் மேற்பரப்பில் நகத்தை ஓட்டினால் வரிவரியாகத் தட்டுப்படும். ஒவ்வொரு வரியும் ஒரு நுண்ணிய வில்லை. அடியில் இரண்டு படங்கள் மெல்லிய கீற்றுகளாக மாற்றி மாற்றி அடுக்கப்பட்டிருக்கும். நியூயார்க் மாநிலத்தில் இயங்கிய வேரி-வியூ நிறுவனம் இந்த வகைக்குப் பெயர் பெற்றது.

இனி உள்ளூர்த் தேடல். மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே உள்ள புதுமண்டபத்தில் இருந்த கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. அங்கே பேச்சுக் கொடுத்தால் அடியில் தங்கிய பழைய சரக்கைப் பற்றிய தகவலாவது கிடைக்கலாம். சுமார் 90 கிலோமீட்டர் தொலைவிலுள்ள காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக உள்ளன. மரத்தூணையும் பீங்கான் சாமானையும் விலை பேச வருகிறவர்களே அங்கு அதிகம் என்பதால், சில்லறைத் தகரப் பொருள்கள் டப்பாவில் கிடக்கும். டப்பாவைக் கொட்டிக் காட்டச் சொல்லத் தயங்க வேண்டாம். ஆனால் என் கணிப்பில் மிகவும் உதவக்கூடியவர்கள் தீப்பெட்டிப் படம் சேர்ப்பவர்கள். சிவகாசி அச்சகங்கள் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் அச்சிட்ட முகங்களை வரிசையாகப் பார்த்துப் பழகிய கண், உள்ளூர்க் காகித பேட்ஜில் இருக்கும் பூதம் எந்தப் பாணி என்பதை எளிதில் சொல்லிவிடும்.

(திரையில்: பூதக்கண்ணாடி வழியாக இரண்டு அச்சுகள்.)

கிடைத்த பேட்ஜ் பழையதுதானா என்பதைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். அச்சகங்களில் அடிக்கும் ஆஃப்செட் அச்சில் புள்ளிகள் ஒழுங்கான வரிசையில் நிற்கும். வீட்டுப் பிரிண்டர் அச்சில் வண்ணத் துளிகள் ஒழுங்கின்றிச் சிதறியிருக்கும். பழைய பேட்ஜைப் படமெடுத்து மறுபடி அச்சிட்டிருந்தால், புள்ளியின் மேல் புள்ளி விழுந்து அலையலையான கோலம் தெரியும். படத்தோடு சேர்த்து அச்சான துருப்புள்ளியையும் தடவிப் பாருங்கள், விரலுக்கு வழவழப்பாக இருக்கும். மிகப் பழைய செல்லுலாய்டு (ஆரம்பகால பிளாஸ்டிக்) பேட்ஜை விரலால் தேய்த்துச் சூடாக்கினால் கற்பூர வாசம் வருவதுண்டு, ஏனெனில் செல்லுலாய்டில் கற்பூரம் ஒரு மூலப்பொருள். அது எளிதில் தீப்பற்றும். நெருப்பில் காட்டிச் சோதிக்கவே கூடாது.

கிடைத்த பிறகு கழுவாதீர்கள். காகித பேட்ஜில் நீர் விளிம்பு வழியாக உள்ளே புகுந்தால் காகிதத்தில் பழுப்புக் கறை படரும். அதை எடுக்க வழியில்லை. உலர்ந்த பருத்தித் துணியால் மட்டும் துடையுங்கள். அந்துருண்டை பிளாஸ்டிக்கை இளக்கக்கூடும் என்பதால், துணிப் பெட்டியில் போட்டுவைக்காமல் ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகித உறையில் இட்டு, வாங்கிய இடத்தையும் பின்பக்க ஊசியின் வகையையும் உறையின் மேல் பென்சிலால் எழுதிவையுங்கள்.