அந்த ஒரு நிமிடம் போதும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, எல்லோருக்கும் வணக்கம். காரோட்டும் இன்பமும் பயனும் கூடுதலாகக் கிடைப்பது ஆட்டோகிராஸிலா, ரேஸ் டிராக்கிலா என்பது இன்றைய கேள்வி. ஆட்டோகிராஸில்தான் என்று அடித்துச் சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் ஒரு கணக்குப் போட்டார். "நாள் முழுக்க வெயிலில் காய்ந்து, மொத்தமாக ஐந்தாறு நிமிடம் ஓட்டுகிறீர்கள். டிராக்கில் நாங்கள் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் ஓட்டுகிறோம். எது லாபம்?" என்று கேட்டுக் கைதட்டலும் வாங்கினார். கணக்கு சரிதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒவ்வொரு நிமிடத்துக்குள்ளும் என்ன நடக்கிறது என்று அவர் வாயே திறக்கவில்லையே!

ஆட்டோகிராஸ் என்றால் காலியான பெரிய தளம். கூம்பு வடிவ பிளாஸ்டிக் கோன்களை நிறுத்தி வளைந்து வளைந்து போகும் ஒரு பாதை. ஒவ்வொரு காராக விடுவார்கள், போட்டி கடிகாரத்தோடுதான். அமெரிக்காவில் எஸ்சிசிஏ என்ற கார் பந்தய அமைப்பு நடத்தும் போட்டிகளில் ஒரு கோனைச் சாய்த்தால் 2 விநாடி கூட்டிவிடுவார்கள். நூறில் ஒரு பங்கு விநாடியில்கூட இடம் மாறுகிற ஆட்டத்தில் 2 விநாடி போனால் மீட்பது கடினம். பாதையோ ஒவ்வொரு போட்டிக்கும் புதிது. காலையில் நடந்து பார்த்து மனதில் பதித்துக்கொள்ளலாம். காரில் ஓட்டிப் பழக வழியில்லை.

சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர், 12 வளைவுகள். ஃபார்முலா 1 ஓட்டிய முதல் இந்தியர், நம் நரேன் கார்த்திகேயன் ஆரம்ப நாட்களில் ஓட்டிய இடம், அதன் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனாலும் அங்கே இன்று ஓட்டும் வளைவுதான் நாளைக்கும். சுற்றச் சுற்ற, எங்கே பிரேக், எங்கே திருப்பம் என்பது மனப்பாடமாகிவிடும். ஆட்டோகிராஸ் ஓட்டுபவர் ஆசுகவி மாதிரி. ஈற்றடியைக் கொடுத்த கையோடு பாட்டு வந்தாக வேண்டும்.

ஸ்லாலம் என்று ஒன்று உண்டு. வரிசையாக ஐந்தாறு கோன்கள், இடமும் வலமுமாக நெளிந்து போக வேண்டும். முதல் கோனில் அரை மீட்டர் விலகிப் போனால் இரண்டாவதற்குத் தாமதம், மூன்றாவதற்கு இன்னும் தாமதம். நான்காவதற்கு வரும்போது ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் முன்சக்கரம் கேட்காது, கார் நேராக இழுத்துக்கொண்டே போகும். அப்போது ஆக்ஸிலரேட்டரை அழுத்துபவருக்கு நேரம் வீண். அதை மெல்லத் தளர்த்தினால் எடை முன்னால் வந்து, டயர் பிடித்துக்கொள்ளும். முதல் கோன் பக்கத்தில் இருக்கும்போதே கண் மூன்றாவது கோனில் இருக்க வேண்டும். இத்தனையும் 60 கிலோமீட்டர் வேகத்தில், சில விநாடிகளுக்குள்! அகலமான டிராக்கில் 120-இல் போகும்போது மூச்சுவிட நேரமிருக்கும். கோன்களுக்கு நடுவே அது கிடையாது. வேகத்தின் ருசி தெரிய வேண்டுமென்றால் அங்கே வாருங்கள்.

இனி செலவைப் பார்ப்போம். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்கு. வீட்டுக் காரை டிராக்குக்குக் கொண்டுபோய் விடாமல் சில சுற்று விரட்டினால் பிரேக் ஆயில் கொதித்துவிடும், பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். டாட் 4 என்ற ரகத்தில் புது பிரேக் ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை தாங்கும். ஈரம் ஏறிய பழைய ஆயிலுக்கு அந்த வரம்பு 155-தான். பிரேக் பேட், டயர் தேய்மானம் தனிக் கதை. நம் ஊர் இன்சூரன்ஸ் பாலிசியோ பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் பொருந்தாது. இது எங்களுக்கும் சேர்த்துத்தான். ஆனால் எங்கள் காரில் உரசுவது பிளாஸ்டிக் கோன், உங்கள் காரில் உரசுவது இரும்புத் தடுப்பு!

இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்தது. ஒரே காரை அப்பாவும் மகளும் மாற்றி மாற்றி ஓட்டி, யார் நேரம் குறைவு என்று பார்க்கலாம். ஓட்டாத நேரத்தில் வெயிலில் நின்று, சாய்ந்த கோன்களை எடுத்து நிறுத்த வேண்டும். எதிரணித் தலைவர் இதை வீண் என்றார். அடுத்தவர் எங்கே பிரேக் பிடிக்கிறார், எங்கே தடுமாறுகிறார் என்று பத்தடி தூரத்திலிருந்து பார்ப்பது வீணா, நடுவர் அவர்களே?

கடைசியாக ஒன்று. 2019 ஏப்ரலிலிருந்து நம் நாட்டில் புதிய கார்களுக்கு ஏபிஎஸ், அதாவது பிரேக்கை அழுத்தி மிதித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு, கட்டாயம். காரில் இருக்கிறது, சரி. முழு பலத்தோடு மிதிக்கும்போது பெடல் காலுக்கடியில் கடகடவென்று உதறும் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? அந்த உதறலை முதன்முதலாக நெடுஞ்சாலையில் உணர்பவர், ஏதோ கெட்டுவிட்டது என்று பயந்து காலை எடுத்துவிடுகிறார். டிராக்கில் பின்னால் கார்கள் வரும்போது திடீரென்று நின்று பழக முடியுமா? விடுவார்களா? எங்கள் தளத்தில் ஓடுவது ஒரே கார். மழை பெய்த தரையிலும் முழுக்க மிதித்து, உதறலோடு ஸ்டியரிங்கைத் திருப்பி, அந்தக் காலைப் பழக்கிக்கொள்ளலாம். எதிரணியிலிருந்து அடுத்து வருபவர் முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.