நகராத சைக்கிள்

நேயர்களுக்கு வணக்கம்.

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் சென்னையில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் பாடு திண்டாட்டம்தான். விடியற்காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக மாமல்லபுரம் வரை போய்வரும் கூட்டத்தில் நானும் ஒருவன். தேங்கிய தண்ணீருக்கு அடியில் பள்ளம் எது, சாலை எது என்று யாருக்குத் தெரியும்? அதனால் ஒரு மழைக்காலத்தில் ட்ரெய்னர் வாங்கினேன். பின்சக்கரத்தை இரும்புத் தாங்கியில் பூட்டி, டயர் ஓர் உருளையைச் சுழற்றும்படி வைக்கிற கருவி. எவ்வளவு மிதித்தாலும் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும்.

என்னிடம் இருந்த நல்ல வண்டியையே அதில் பூட்டினேன். அதுதான் தப்பு. மூன்று மாதம் கழித்து ஹேண்டில்பார் டேப்பைப் பிரித்தால், உள்ளே அலுமினியம் வெள்ளை வெள்ளையாகப் பொரிந்து தூளாகக் கொட்டியது. ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளில் ஒன்று துருவேறி, ஆலன் கீயைப் போட்டால் வழுக்கியது. கடைசியில் மெக்கானிக் துளைபோட்டுத்தான் எடுத்தார். எல்லாம் வியர்வை உப்பின் வேலை. சாலையில் காற்று பாதியை உலர்த்திவிடும். வீட்டுக்குள் நெற்றியிலிருந்து நேராக ஹேண்டில்பார்மேல் சொட்டும்.

சரி, ட்ரெய்னருக்கென்று தனி வண்டி வைத்துக்கொள்வோம் என்று முடிவெடுத்தேன். புதிது இல்லை. மாடிப்படிக்கு அடியில் கிடந்த பழைய இரும்பு வண்டி. பின்னால் எட்டு கியர், அதில் இரண்டு ஒழுங்காக விழாது. எடை அதிகம்தான், ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு எந்த மேட்டில் ஏறப்போகிறேன்?

உட்காரும் அளவில் மட்டும் அலட்சியம் காட்டவில்லை. நல்ல வண்டியில் பெடல் தண்டுகள் சுற்றும் கிராங்க் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேல்பகுதி வரை இன்ச் டேப் பிடித்தேன்: 72 சென்டிமீட்டர். சீட் முனையிலிருந்து ஹேண்டில்பார் வரை இன்னோர் அளவு. இரண்டையும் பழைய வண்டியில் அப்படியே கொண்டுவந்தேன். சீட்டும் அதே வகையில் இன்னொன்று வாங்கிப் போட்டேன். சாலையில் பள்ளம் வரும், சிக்னல் வரும், நாமே அறியாமல் எழுந்து உட்கார்வோம். ட்ரெய்னரில் அந்தச் சலுகை கிடையாது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வேண்டுமென்றே எழுந்து நின்று மிதிக்கிறேன், இல்லாவிட்டால் மரத்துப்போகும்.

சாதாரண டயர் உருளையில் தேய்ந்து கறுப்புத் தூளாகத் தரையில் உதிரும், ரப்பர் கருகும் வாடையும் வரும். இதற்கென்றே ட்ரெய்னர் டயர் என்று கெட்டியாக ஒன்று விற்கிறார்கள். ஒவ்வொரு முறையும் காற்றை ஒரே அளவில் வைக்க வேண்டும். குறைந்தால் டயர் வழுக்கும், நேற்றைய உழைப்பையும் இன்றைய உழைப்பையும் ஒப்பிடவே முடியாது. பின்சக்கரம் சற்று உயர்ந்து நிற்பதால் முன்சக்கரத்துக்கு அடியில் ஒரு பலகைத் துண்டு. இல்லையென்றால் உடல் எடை முழுக்க உள்ளங்கையில் இறங்கும்.

இத்தனைக்கும் மேலாக நான் சொல்வது மின்விசிறியைத்தான். நாம் செலவழிக்கும் சக்தியில் சுமார் கால் பங்குதான் பெடலுக்குப் போகிறது, மிச்சம் சூடு. பெடலில் 150 வாட் காட்டினால் உடம்பிலிருந்து ஏறக்குறைய 450 வாட் வெப்பம் வெளியேற வேண்டும். சென்னைப் புழுக்கத்தில் வியர்வை காயாது, வழியத்தான் செய்யும். தலைக்கு மேலே சுற்றும் ஃபேன் போதாது. நெஞ்சுக்கு நேராக ஒரு பெடஸ்டல் ஃபேன் வேண்டும். ஹேண்டில்பார்மேல் ஒரு பழைய துண்டு. முடிந்ததும் ஈரத்துணியால் வண்டியைத் துடைத்துவிட்டுத்தான் குளிக்கப் போகிறேன். வண்டிக்கு அடியில் ரப்பர் பாய் கிடப்பதால் கீழ்வீட்டுக்காரர் இன்னும் என்னோடு பேசிக்கொண்டிருக்கிறார்.

இன்னொன்று, தேவையில்லை என்று பிரேக் இரண்டையும் கழற்றி வைத்திருந்தேன். லீவுக்கு வந்த அக்கா மகன், "மாமா, கடைக்குப் போயிட்டு வந்துடறேன்" என்று வண்டியை வாசல்வரை உருட்டிவிட்டான். ட்ரெய்னர் டயருக்கு ஈரச் சாலையில் பிடிப்பே இருக்காது, போதாக்குறைக்குப் பிரேக்கும் இல்லை. ஓடிப்போய்ப் பிடித்தேன். அன்றே பிரேக்குகளைத் திரும்ப மாட்டிவிட்டேன். ஹேண்டில்பாரில் ஓர் அட்டையும் தொங்குகிறது: "ரோட்டுக்கு எடுக்காதே."

நன்றி, வணக்கம்.