எம்.எல்.ஏ. ஆபீஸில் தகவல் தொடர்பு வேலை: மனு வந்த நாள் முதல் பதில் போகும் நாள் வரை

[திரையில்: மேசை மேல் ஒரு மனு. வெள்ளைத்தாளில் நீல மையில் எழுதியது.]

இந்த மனுவைப் பாருங்கள். மூன்றே வரி. "எங்கள் தெருவில் ஒரு மாதமாக விளக்கு எரியவில்லை. பிள்ளைகள் டியூஷன் முடிந்து இருட்டில் வருகிறார்கள். ஐயா அவர்கள் ஆவன செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்." கீழே ஓர் அம்மாவின் கையெழுத்து, ஒரு போன் நம்பர், பின்னால் ஆதார் நகல்.

தமிழ்நாட்டில் 234 சட்டமன்றத் தொகுதிகள். எல்லா எம்.எல்.ஏ. ஆபீஸுக்கும் இந்த மாதிரிக் காகிதம் வந்துகொண்டே இருக்கும். தகவல் தொடர்பு வேலைக்குச் சேருகிறவர்கள் பெரும்பாலும் கேமராவையும் பேஸ்புக் பக்கத்தையும் மனதில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். அதுவும் உண்டு, பிறகு சொல்கிறோம். அதற்கு முன்னால் இந்த மூன்று வரிக்குப் பதில் போக வேண்டும்.

முதலில் பதிவு. மனு எண், தேதி, பெயர், ஊர் அல்லது வார்டு, போன், கோரிக்கை, எந்தத் துறை, நாம் அனுப்பிய கடித எண், அனுப்பிய தேதி, துறையின் பதில், மனுதாரருக்குச் சொன்ன தேதி. கடைசியாகச் சொன்ன கட்டத்தைப் பதிவேட்டில் போடவே பலர் மறந்துவிடுகிறார்கள். விளைவு என்ன தெரியுமா? ஊராட்சி ஆள் வந்து லைட்டை மாட்டிவிட்டுப் போயிருப்பார். மனு கொடுத்ததால்தான் அவர் வந்தார் என்று அந்த அம்மாவிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். "மனு கொடுத்தேன், ஒண்ணும் நடக்கலை" என்றுதான் அவர் தெருவில் சொல்லுவார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

நம்பர் வாங்கும்போது "இது யாரோட போன்?" என்று கட்டாயம் கேளுங்கள். வயதானவர்கள் மகன் நம்பரைக் கொடுப்பார்கள். மகன் வேலைக்காக வெளியூரில் இருப்பார், மனு கொடுத்ததே அவருக்குத் தெரிந்திருக்காது. யார் நம்பர், எப்போது கூப்பிட்டால் எடுப்பார்கள் என்று பக்கத்திலேயே குறித்துவிடுங்கள்.

[திரையில்: மின்கம்பம், விளக்கு, டிரான்ஸ்பார்மர். ஒவ்வொன்றின் மேலும் ஓர் அம்புக்குறி.]

அடுத்து, துறை. இங்கே பிசகினால் பல வாரம் வீண். தெருவிளக்கு எரியவில்லை என்றால் அது உள்ளாட்சியின் வேலை: கிராமத்தில் ஊராட்சி, ஊரைப் பொறுத்து பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி. அதே கம்பம் சாய்ந்து நிற்கிறது, கம்பி தாழ்வாகத் தொங்குகிறது என்றால் மின்வாரிய உதவிப் பொறியாளருக்குப் போக வேண்டும். குடிநீரும் அப்படித்தான். தெருக்குழாய் உடைந்தால் ஊராட்சி. கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெரிய லைனிலேயே தண்ணீர் வரவில்லை என்றால் குடிநீர் வடிகால் வாரியம். முதியோர் உதவித்தொகை என்றால் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தின் தனி வட்டாட்சியர். மனுவில் "லைட் இல்லை" என்று மட்டும் இருந்தால் போன் போட்டுக் கேளுங்கள்: ஒரு விளக்கா, தெரு முழுக்கவா? கம்பத்தில் நம்பர் இருக்கிறதா?

இப்போது பதில். "தங்கள் மனு பெறப்பட்டது, ஆவன செய்யப்படும்" என்று அனுப்பாதீர்கள். அதைப் படித்து யாருக்கும் எதுவும் தெரியாது. இப்படி எழுதுங்கள்:

[திரையில்: போன் திரையில் ஒரு குறுஞ்செய்தி.]

"அம்மா வணக்கம். உங்கள் மனு எண் 412. மேற்குத் தெரு விளக்கு பற்றிய உங்கள் கோரிக்கையை இன்று ஊராட்சி ஒன்றிய ஆணையருக்கு அனுப்பியுள்ளோம். 15 நாளில் நிலவரம் சொல்கிறோம். அதற்குள் விளக்கு எரிந்தால் இந்த நம்பருக்கு ஒரு மிஸ்டு கால் கொடுங்கள்."

எண், பொருள், யாரிடம் போயிருக்கிறது, எப்போது மறுபடி பேசுவோம். நான்கும் வந்துவிட்டது. 15ஆம் நாள் எதுவும் நடந்திருக்காவிட்டாலும் கூப்பிட வேண்டும். "இன்னும் ஆகலை, பல்பு ஸ்டாக் இல்லைன்னு சொல்றாங்க, திரும்பக் கேட்டிருக்கோம்" என்று உள்ளதைச் சொன்னால் மக்கள் ஏற்றுக்கொள்வார்கள். சத்தமே இல்லாமல் இருப்பதுதான் அவர்களைக் கசக்க வைக்கிறது. முடியாத காரியத்தையும் முடியாது என்று காரணத்தோடு சொல்லிவிடுங்கள். நீர்நிலைப் புறம்போக்கில், அதாவது ஏரி, குளம் சார்ந்த அரசு நிலத்தில், பட்டா கேட்டு வருகிறவரை ஆறு மாதம் நடக்கவிடுவது பாவம்.

[திரையில்: ஒரு சாலைப் பணியின் படிகள், கீழிருந்து மேலாக.]

அடுத்து, பணி அறிவிப்பு. ஆபீஸின் பெயர் அதிகம் கெடுவது இங்கேதான். தொகுதி மேம்பாட்டு நிதியாக எம்.எல்.ஏ.வுக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் ஒதுக்கீடு. பணம் அவர் கைக்கு வராது. அவர் பணியைப் பரிந்துரைக்கிறார். மதிப்பீடு தயாராகிறது, நிர்வாக அனுமதி வருகிறது, டெண்டர், பணி ஆணை, அதற்குப் பிறகுதான் ஜல்லி இறங்கும். பரிந்துரைக் கடிதம் போன அன்றே "சாலை அமைக்கப்படுகிறது" என்று போஸ்ட் போட்டால், அடுத்த மழையில் அதே போஸ்ட்டின் கீழே அதே சேற்றைப் படம் பிடித்துப் போடுவார்கள். எந்தப் படியில் இருக்கிறதோ அந்தப் படியின் பெயரையே எழுதுங்கள். "பரிந்துரைத்துள்ளோம்" வேறு, "நிர்வாக அனுமதி கிடைத்தது" வேறு, "பணி தொடங்கியது" வேறு. தொகையும் அப்படியே: மதிப்பீட்டுத் தொகையா, டெண்டரில் முடிந்த தொகையா என்று சொல்லுங்கள்.

யார் பணம் என்பதிலும் கவனம். எம்.பி.க்கு வேறு நிதி, ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். நிதிக்குழு மானியம் வேறு, நகராட்சியின் பொதுநிதி வேறு. வேறு நிதியில் கட்டிய நிழற்குடையை நம் கணக்கில் எழுதினால் கவுன்சிலர் மறுநாளே ஆணை நகலோடு வருவார். போஸ்ட் போடுவதற்கு முன் ஆணையின் முதல் பக்கத்தை ஒருமுறை நீங்களே படியுங்கள்.

பத்திரிகைச் செய்திக்கு வருவோம். பகுதி நிருபர் ஒரு நாளைக்குப் பல செய்தி அனுப்புகிறவர். அவர் திருத்தாமல் அனுப்பும்படி இருக்க வேண்டும். முதல் பத்தியிலேயே ஊர், வார்டு, திட்டத்தின் பெயர், தொகை. கலந்துகொண்ட அதிகாரிகளின் பெயரும் பதவியும் பிழையில்லாமல். ஊராட்சித் தலைவர் பெயர் விடுபட்டால் மாலைக்குள் சண்டை வரும், அதனால் விழா மேடையிலேயே பட்டியலைச் சரிபாருங்கள். எழுத்து யூனிகோடில் இருக்கட்டும். பாமினியில் அடித்து அனுப்பினால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் திறக்கும். படத்தை வாட்ஸ்ஆப்பில் சாதாரணமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். படத்தில் இடமிருந்து வலம் யார் யார் என்று ஒரு வரி சேர்த்தால் நிருபர் உங்களை வாழ்த்துவார்.

வாட்ஸ்ஆப் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் நம் நம்பரைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவருக்குத்தான் செய்தி போகும். பலர் இது தெரியாமல் மாதக்கணக்கில் வெற்றிடத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். மனு வாங்கும் மேசையிலேயே "இந்த நம்பரை எம்.எல்.ஏ. ஆபீஸ்னு போட்டு வையுங்க" என்று சொல்லிச் சேமிக்கச் செய்யுங்கள். குரூப் வைத்தால் அட்மின் மட்டும் அனுப்பும்படி அமைத்துவிடுங்கள்.

மழைக்காலத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை, ஒரு விதியை விடவே கூடாது: ஒவ்வொரு செய்தியிலும் தேதியும் நேரமும் எழுதுங்கள். "ஏரி திறக்கப்படுகிறது" என்ற செய்தி நேரம் இல்லாமல் போனால் மூன்று நாள் கழித்தும் சுற்றிக்கொண்டிருக்கும், ஜனங்கள் நள்ளிரவில் பாத்திரம் பண்டத்தோடு வெளியே நிற்பார்கள். தண்ணீர் திறப்பை மாவட்ட ஆட்சியரின் அறிவிப்பை வைத்து மட்டுமே சொல்ல வேண்டும்.

[திரையில்: ஆறுதல் சொல்லும் படம். முகங்கள் மறைக்கப்பட்டுள்ளன.]

படம் போடுவதற்கு முன் சட்டம். பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்ட குழந்தையின் வீட்டுக்கு எம்.எல்.ஏ. ஆறுதல் சொல்லப் போகிறார் என்றால் கேமரா போகவே வேண்டாம். போக்சோ சட்டத்தின் 23ஆவது பிரிவுப்படி குழந்தையின் பெயர், படம் மட்டுமல்ல, முகவரி, குடும்பம், பள்ளி, வசிக்கும் பகுதி என அடையாளம் தெரியவைக்கும் எதையும் வெளியிடக் கூடாது. குழந்தையின் முகத்தை மறைத்துவிட்டு அம்மாவின் முகத்தைக் காட்டினாலும் அடையாளம் தெரிந்துவிடும். உதவித்தொகை வாங்குகிறவரின் ஆதார், வங்கிப் புத்தகம் படத்தில் தெரிகிறதா என்றும் பெரிதாக்கிப் பாருங்கள்.

சட்டமன்றப் பேச்சை வெட்டிப் போடும்போது, அவைக்குறிப்பிலிருந்து நீக்கிய வார்த்தை உள்ளே இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நீக்கியதை வெளியிட்டால் அவை உரிமை மீறல் பிரச்சினை எழும்.

கடைசியாக, தேர்தல். தேதி அறிவித்த நிமிடத்திலிருந்து நடத்தை விதிகள் அமல். அரசுக் கட்டடத்தில் இருக்கும் எம்.எல்.ஏ. ஆபீஸைப் பூட்டி சீல் வைத்துவிடுவார்கள். பணி ஆணை கொடுத்தும் களத்தில் தொடங்காத வேலையைத் தொடங்க முடியாது. ஆட்சியர் அலுவலகத்தின் திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் கூட்டமும் நின்றுவிடும். ஆகவே அறிவிப்பு வரும் காலம் நெருங்கும்போதே, நிலுவையில் இருக்கும் ஒவ்வொரு மனுதாரருக்கும் அவருடைய மனு எந்த அலுவலகத்தில், எந்தக் கடித எண்ணில் இருக்கிறது என்று அனுப்பிவிடுங்கள். அரசின் 1100 உதவி எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள். தேர்தல் துண்டறிக்கை அடித்தால் அச்சிட்டவர், வெளியிட்டவர் இருவரின் பெயரும் முகவரியும் அதில் இருக்க வேண்டும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவு இது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

அப்போது கட்சிக்காரர்கள் வந்து மனுப் பதிவேட்டின் போன் நம்பர்களைக் கேட்பார்கள். பிரச்சாரக் குறுஞ்செய்திக்கு அதைவிட நல்ல பட்டியல் கிடைக்காது என்பார்கள். கொடுக்காதீர்கள். அந்த அம்மா நம்பர் கொடுத்தது தெருவிளக்குக்காக.