ஒத்திகையே இல்லாமல் கார்னகி ஹால் மேடை: லெனார்ட் பெர்ன்ஸ்டைன் எப்படிச் சமாளித்தார்?

(திரையில்: கார்னகி ஹால் முகப்பு, கறுப்பு வெள்ளைப் படம்)

1943 நவம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை காலை. நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவின் துணைக் கண்டக்டர் லெனார்ட் பெர்ன்ஸ்டைனுக்கு ஒரு போன் வருகிறது (கண்டக்டர் என்றால் குழுவுக்கு முன்னால் நின்று கையசைத்து இசையை நடத்துகிறவர்). வயது 25. முந்தைய நாள்தான் அவர் எழுதிய பாடல்கள் டவுன் ஹாலில் அரங்கேறி, அதைக் கொண்டாடிவிட்டு வெகுநேரம் கழித்துத்தான் படுத்திருக்கிறார். போனில் சொன்ன விஷயம் இதுதான்: இன்றைக்குக் கச்சேரியை நடத்த வேண்டிய கண்டக்டர் புரூனோ வால்டர் ஃப்ளூ காய்ச்சலில் படுத்துவிட்டார், தலைமைக் கண்டக்டர் ராட்ஜின்ஸ்கியோ மாசசூசெட்ஸில் தன் பண்ணையில் பனிக்கு நடுவே இருக்கிறார், மதியம் 3 மணிக்கு கார்னகி ஹால் அரங்கில் நீதான் நடத்த வேண்டும். ஒத்திகை கிடையாது. போதாக்குறைக்கு சிபிஎஸ் வானொலியில் நாடு முழுக்க நேரடி ஒலிபரப்பு வேறு.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் 'ஒரே நாளில் நட்சத்திரம்' என்று முடித்துவிடுவார்கள். எனக்கு அதைவிட, மனுஷன் எப்படிச் சமாளித்தார் என்பதில்தான் ஆர்வம்.

முதலில், இதற்காகத்தான் அவரை வேலைக்கே வைத்திருந்தார்கள். துணைக் கண்டக்டர் என்றால் மேடை ஏறுகிறவர் இல்லை, ஒவ்வொரு வாரமும் நடக்கிற நிகழ்ச்சியின் ஸ்கோர்களை, அதாவது எல்லா வாத்தியங்களுக்குமான இசைக்குறிப்புப் புத்தகங்களை, படித்து வைத்துக்கொண்டு, ஒத்திகையில் ஓரமாக உட்கார்ந்து கவனித்து, யாருக்காவது முடியாமல் போனால் ஏறத் தயாராக இருக்கிறவர். அநேகமாக யாருக்கும் முடியாமல் போகாது. அன்றைக்குப் போனது.

அடுத்து, ஒத்திகை இல்லாதது அவருக்குத்தான், குழுவுக்கு இல்லை. அவர்கள் வால்டரோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் சரிபார்த்து முடித்திருந்தார்கள். நாம் பார்க்கிற கையசைப்பு கடைசிக் கட்டம்தான், கண்டக்டரின் பாதி வேலை ஒத்திகையிலேயே முடிந்துவிடும். அதனால் பதிலுக்கு வருகிறவர் தன் பாணியைக் காட்ட நினைத்தால் தொலைந்தார். பெர்ன்ஸ்டைன் நேராக வால்டரைப் பார்க்கப் போனார். போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்தப் பெரியவர், எங்கே நிறுத்துவேன், எங்கே இழுப்பேன் என்று ஸ்கோரைப் புரட்டிக் காட்டினார். அவ்வளவுதான் தயாரிப்பு.

(திரையில்: ஷூமனின் 'மான்ஃப்ரெட்' முன்னிசை, முதல் பக்கம்)

இப்போது இந்த முதல் வரியைப் பாருங்கள். நிகழ்ச்சி தொடங்குவதே இதில்தான். முதல் தட்டில் யாருமே வாசிக்கக் கூடாது, அது தாண்டியவுடன் மொத்தக் குழுவும் சேர்ந்து வேகமாக மூன்று அடி, மூன்றும் தாளத்துக்கு இடையில் விழ வேண்டும். அரை இடம் தள்ளி எடுப்பு வைத்த பாட்டு மாதிரி, ஆனால் எடுக்க வேண்டியது ஏறக்குறைய நூறு பேர், முன்னால் நிற்பவர் இதுவரை அவர்களோடு இதை வாசித்ததே இல்லை. கை கொஞ்சம் தயங்கினாலும் ஆளுக்கொரு இடத்தில் விழும், அது வானொலியில் அப்படியே போகும். சரியாக விழுந்தது. பழைய ஒலிப்பதிவு இருக்கிறது, கேட்டுப் பாருங்கள்.

அப்புறம் மிக்லோஸ் ரோஜாவின் ஒரு படைப்பு (ஆமாம், பின்னாளில் 'பென்ஹர்' படத்துக்கு இசையமைத்தவரேதான்). அதன்பின் ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் 'டான் கிஹோட்டே'. இதுதான் உண்மையான கண்டம். சுமார் 40 நிமிடம், தனி செல்லோவையும் தனி வியோலாவையும் (இரண்டும் வயலினைவிடப் பெரிய வில் வாத்தியங்கள்) பின்தொடர வேண்டும், நடுவே ஆட்டு மந்தை கத்துவதைப் பித்தளை வாத்தியங்கள் வாசிக்கும், காற்று வீசும் சத்தத்துக்குத் தனியாக ஒரு கருவி. கடைசியாக வாக்னர். மறுநாள் நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் செய்தி.

இப்படிக் கடைசி நேரத்தில் இன்னொருவருக்குப் பதிலாக ஏறுவது தனி வாத்தியக்காரருக்குக் கொஞ்சம் சுலபம் என்பேன், விரலில் ஊறிய உருப்படியோடு மேடை ஏறலாம். 1963இல் பியானோ கலைஞர் க்ளென் கூல்டுக்கு உடம்பு சரியில்லாமல் போனபோது இதே பெர்ன்ஸ்டைன் கூப்பிட்டது 16 வயது ஆந்த்ரே வாட்ஸை. அவர் வாசித்த லிஸ்டின் கன்செர்டோவை (தனி வாத்தியமும் குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) சில வாரங்கள் முன்புதான் இதே குழுவோடு வாசித்திருந்தார். 1999இல் ரவீனியா இசை விழாவில் சிகாகோ சிம்பொனி இசைக்குழுவோடு வாசிக்க வேண்டிய அந்த வாட்ஸுக்கே முடியாமல் போக, ஏறியவர் 17 வயது லாங் லாங். வாசித்தது சாய்காவ்ஸ்கியின் முதல் பியானோ கன்செர்டோ.