இந்தியா 8, சீனா 4: கரிப்புகைக் கணக்கில் சதவீதம் சொல்லாத சங்கதி

(திரையில்: கறுப்புப் பின்னணியில் நான்கு எண்கள் ஒவ்வொன்றாக வருகின்றன. 8.2, 4, −3, −7.4)

இந்த நான்கு எண்களும் 2023 டிசம்பரில் வெளியானவை. பல நாட்டு விஞ்ஞானிகள் சேர்ந்து நடத்தும் குளோபல் கார்பன் புராஜெக்ட் போட்ட மதிப்பீடு. முந்தைய ஆண்டைவிட அந்த ஆண்டில் ஒவ்வொரு நாடும் எத்தனை சதவீதம் கூடுதலாக கார்பன் டை ஆக்சைடை, அதாவது நம் பள்ளிப் பாடத்துக் கரியமில வாயுவை, விட்டது என்ற கணக்கு. இந்தியா 8.2 கூடுதல். சீனா 4 கூடுதல். அமெரிக்கா 3 குறைவு. ஐரோப்பிய ஒன்றியம் 7.4 குறைவு.

இப்படி ஒரு பட்டியல் வந்தால் இரண்டு கட்சி கிளம்பிவிடும். உலகத்தைக் கெடுப்பதே இந்தியாதான் என்று ஒரு கட்சி. நூறு வருஷம் ஊதித் தள்ளியவன் சும்மா இருக்க, எங்களை ஏன் கேட்கிறாய் என்று இன்னொரு கட்சி. பட்டியலை முழுதாகப் படிக்க இருவருக்குமே பொறுமை இருப்பதில்லை. வணக்கம், தர்மபுரியிலிருந்து பேசுகிறேன். இந்த நான்கு எண்களையும் நிதானமாகப் பிரித்துப் பார்ப்போம்.

(காட்சி: கிருஷ்ணகிரி டோல்கேட். வரிசையில் நிற்கும் லாரிகள்)

முதலில், இதை எப்படி அளக்கிறார்கள்? இந்த லாரிகளின் புகைக்குழாயில் யாரும் மீட்டர் மாட்டுவதில்லை. அதற்குத் தேவையும் இல்லை. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய 2.7 கிலோ கரியமில வாயு வரும். புது லாரியோ பழைய டிராக்டரோ, அந்த அளவு பெரிதாக மாறாது. ஒரு லிட்டர் டீசலின் எடையே ஒரு கிலோ இல்லையே, அதிலிருந்து 2.7 கிலோ எப்படி வரும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. டீசலில் இருக்கும் ஒவ்வொரு கார்பன் அணுவும் எரியும்போது காற்றிலிருந்து இரண்டு ஆக்சிஜன் அணுக்களைப் பிடித்துக்கொள்கிறது. கார்பனின் எடை 12 என்றால், சேர்ந்து உருவாகும் வாயுவின் எடை 44. எடையில் பெரும்பகுதி காற்றிலிருந்து வந்தது.

அதனால் ஒரு நாடு எவ்வளவு நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எரித்தது என்று தெரிந்தால் போதும், மீதியைப் பெருக்கல் பார்த்துக்கொள்ளும். அதோடு சிமென்ட் ஆலையில் சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது கல்லுக்குள்ளிருந்தே வெளிவரும் வாயுவையும் சேர்ப்பார்கள். காடு அழிப்பதற்குத் தனிக் கணக்கு உண்டு, அது இன்றைக்கு வேண்டாம்.

(திரையில்: இந்தியா, சீனா. இரண்டு பட்டைகள்)

சரி, 8.2 பெரிதா, 4 பெரிதா? எதன் மேல் என்று கேட்காமல் பதில் சொல்ல முடியாது. 2022இல் சீனா விட்டது சுமார் 1,140 கோடி டன். அதில் 4 சதவீதம் என்றால் 45 கோடி டன்னுக்கு மேல். அதே ஆண்டு இந்தியா விட்டது சுமார் 283 கோடி டன். அதில் 8.2 சதவீதம் 23 கோடி டன். சதவீதத்தில் நம்மில் பாதிகூட இல்லாத சீனா, டன் கணக்கில் நம்மைப் போல இரண்டு மடங்கு சேர்த்திருக்கிறது. அமெரிக்காவும் ஐரோப்பாவும் சேர்ந்து குறைத்தது ஏறக்குறைய 35 கோடி டன். நாமும் சீனாவும் கூட்டியது 68 கோடி டன். அந்த வருஷம் உலக மொத்தம் 1.1 சதவீதம் ஏறியதற்கு இதுதான் முக்கியக் காரணம். காற்று மண்டலத்துக்குச் சதவீதம் தெரியாது, டன்தான் தெரியும்.

சின்ன நாடுகளில் சதவீதம் இன்னும் கூத்தடிக்கும். லாவோஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2015, 2016இல் அங்கே ஹோங்சா என்ற இடத்தில் 1,878 மெகாவாட் பழுப்பு நிலக்கரி மின்நிலையம் ஓட ஆரம்பித்தது. அதுவரை நீர்மின்சாரத்தை நம்பியிருந்த நாடு. ஒரே ஒரு மின்நிலையம், அந்த நாட்டின் புகைக் கணக்குக் கோடே செங்குத்தாக எகிறிவிட்டது. அந்த மின்சாரத்தில் பெரும்பகுதி தாய்லாந்துக்குப் போகிறது என்பது தனிக் கதை. அதைப் பிறகு சொல்கிறேன்.

(காட்சி: பென்னாகரம் பக்கம் வறண்ட ஏரி. பிறகு போர்வெல் லாரி)

இந்தியாவுக்கு 2023இல் ஏன் 8.2? பொருளாதாரம் வளர்ந்தது, சிமென்ட்டும் இரும்பும் கூடின. இதெல்லாம் செய்தித்தாளில் வந்துவிட்டது. அதிகம் பேசப்படாத காரணம் மழை. 2023 ஆகஸ்ட், 1901இலிருந்து பதிவான ஆகஸ்ட் மாதங்களிலேயே நாட்டில் மிகக் குறைவாக மழை பெய்த மாதம். காவிரித் தண்ணீருக்கு அந்த வருஷம் நடந்த இழுபறி நமக்குத் தெரியும். ஒகேனக்கல்லில் வரத்து சுருங்கி, அக்டோபரிலேயே மேட்டூரில் டெல்டா பாசனத்துக்குத் தண்ணீரை நிறுத்த வேண்டியதாகிவிட்டது.

மழை இல்லையென்றால் கரிப்புகைக் கணக்கில் என்ன ஆகும்? இரண்டு பக்கமும் அடி. அணையில் தண்ணீர் இல்லை, அதனால் நீர்மின்சாரம் குறைகிறது. அதே நேரத்தில் மின்சாரத் தேவை கூடுகிறது. நம் பக்கத்து விவசாயிக்கு இதை விளக்கவே தேவையில்லை. மழை பெய்தால் மோட்டாரை நிறுத்திவிட்டுப் படுத்துக்கொள்ளலாம். பெய்யாவிட்டால் மும்முனை மின்சாரம் வரும் நேரத்துக்குக் காத்திருந்து, வந்த நிமிஷத்திலிருந்து போகும்வரை ஓட்ட வேண்டும். தர்மபுரி, கிருஷ்ணகிரியில் 800 அடி, 1000 அடி போர் இப்போது யாருக்கும் ஆச்சரியம் இல்லை. தண்ணீர் மட்டம் இரண்டு மடங்கு கீழே போனால், அதே ஒரு குடம் தண்ணீரை மேலே தூக்க இரண்டு மடங்கு மின்சாரம் வேண்டும். தமிழ்நாட்டில் மட்டும் இலவச மின்சார விவசாய இணைப்புகள் 20 லட்சத்துக்கு மேல். வட இந்தியாவையும் சேர்த்துப் பாருங்கள். அந்த மின்சாரம் எங்கிருந்து வரும்? அந்த வருஷம் இந்தியாவின் மின்சாரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு நிலக்கரியிலிருந்து வந்தது. அணை கைவிட்டால் அனல் நிலையத்தில்தான் கூடுதலாகக் கரி போடுவார்கள்.

ஆக அந்த 8.2இல் ஒரு பங்கு வானம் போட்டது. அடுத்த ஆண்டு, 2024இல், மதிப்பீடு 4.6 சதவீதமாக இறங்கியது. அந்த மே 30ஆம் தேதி வெயிலில் நாட்டின் மின்தேவை 2.5 லட்சம் மெகாவாட்டைத் தொட்டது, ஃபேனும் ஏசியும் ஓடாத வீடில்லை. அப்படியும் இறங்கியது. ஒரு நாட்டின் ஓராண்டு எண்ணைப் பார்த்துவிட்டு அந்த நாட்டு அரசைப் பாராட்டுவதிலும் திட்டுவதிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. ஐந்து, பத்து ஆண்டு சராசரியைக் கொடுங்கள், பேசலாம்.

கொரோனா காலத்து எண்களுக்கு இது இன்னும் பொருந்தும். 2020இல் உலக மொத்தம் 5 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. 2021இல் ஏறக்குறைய அதே அளவு ஏறியது. 2021ஐ மட்டும் வெட்டி எடுத்து, வரலாறு காணாத உயர்வு என்று தலைப்புப் போடலாம். போட்டார்கள்.

(திரையில்: தர்மபுரி, சேலம் மாவட்ட வரைபடம். மேட்டூர் மட்டும் சிவப்பில்)

இப்போது ஒரு விளையாட்டு. தர்மபுரி ஒரு தனி நாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் பெரிய அனல் மின்நிலையம் கிடையாது. மா, புளி, கேழ்வரகு, தக்காளி, பால். உலகப் பட்டியலில் நாம் பரமசாது. பக்கத்து நாடான சேலத்துக்குத்தான் கெட்ட பெயர். மேட்டூரில் 1,440 மெகாவாட் அனல் நிலையம் அவர்கள் எல்லைக்குள் நிற்கிறது. கரி எரிவது அங்கே, அதே கிரிட்டில், அதாவது மின்கட்டமைப்பில், மோட்டார் ஓட்டுவது நாம். லாவோஸ், தாய்லாந்து கதையும் இதுதான். புகை எந்த எல்லைக்குள் கிளம்புகிறதோ அந்த நாட்டுக் கணக்கில் எழுதுவது உலக வழக்கம். பொருளை யார் பயன்படுத்துகிறார்கள் என்று பார்ப்பது வேறு கணக்கு. அதையும் போடுகிறார்கள், ஆனால் தலைப்புச் செய்தியில் அது வருவதில்லை.

கிருஷ்ணகிரி கிரானைட்டைப் பாருங்கள். குவாரியில் கல்லைப் பிளக்கவும் தூக்கவும் டீசல். அறுத்துப் பாலிஷ் போடும் பட்டறையில் நாள் முழுக்க மின்சாரம். துறைமுகம்வரை டிரெய்லர் லாரி. இத்தனையும் இந்தியாவின் கணக்கு. கடைசியில் அந்தக் கல் ஐரோப்பாவில் ஒரு வீட்டின் சமையல் மேடையாகக் கிடக்கிறது. அந்த நாட்டுக்கு அதில் ஒரு கிலோ புகைகூட எழுதப்படாது. நடுவில் கடலைக் கடந்த கப்பல் எரித்த எண்ணெய் யார் தலையில்? யார் தலையிலும் இல்லை. சர்வதேசக் கப்பலும் விமானமும் எந்த நாட்டின் கணக்கிலும் சேராமல் தனி வரியாக நிற்கின்றன. போச்சம்பள்ளி, பர்கூர் பக்கமிருந்து டின்னில் அடைத்து வளைகுடாவுக்குப் போகும் மாம்பழக் கூழுக்கும் இதே கதிதான்.

ஐரோப்பா குறைத்த 7.4 சதவீதத்தையும் இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். காற்றாலை, சூரிய மின்சாரம் கூடியது உண்மை. மறுக்கவில்லை. ஆனால் உக்ரைன் போருக்குப் பிறகு எரிவாயு விலை ஏறி, உரம், அலுமினியம் போன்ற தொழில்கள் அங்கே உற்பத்தியைக் குறைத்ததும் உண்மை. அந்தப் பொருள்களை வேறொரு நாடு செய்து கொடுத்தால் புகை இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

(காட்சி: பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள். சுரங்கம், புகைபோக்கி)

இறங்கும் நாடுகள் எல்லாம் ஒரே காரணத்துக்காக இறங்குவதில்லை. பிரிட்டன் நிலக்கரியைத் திட்டமிட்டுக் கைவிட்டது. 1882இல் லண்டனில் தொடங்கிய நிலக்கரி மின்சாரத்தின் கதை, 2024 செப்டம்பர் 30ஆம் தேதி ராட்கிளிஃப் நிலையம் மூடப்பட்டதோடு அங்கே முடிந்தது. அமெரிக்காவில் பாறை எரிவாயு மலிவாகக் கிடைத்ததால் நிலக்கரி சந்தையிலேயே தோற்றது. 2005இல் அந்த நாட்டு மின்சாரத்தில் பாதி நிலக்கரி, 2023இல் ஆறில் ஒரு பங்குதான். ரஷ்யாவிலும் உக்ரைனிலும் 1990களில் வந்த சரிவு வேறு மாதிரி. சோவியத் ஒன்றியம் உடைந்து ஆலைகள் நின்றன, மக்கள் வேலை இழந்தார்கள். வரைபடத்தில் அந்தக் கோடும் அழகாகத்தான் இறங்குகிறது.

ஏறுவதில் சீனாவைப் போல ஏறியவர் இல்லை. 2001 டிசம்பரில் உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தது. 2003, 2004இல் ஆண்டு வளர்ச்சி 15 சதவீதத்தை ஒட்டி ஓடியது. 2006 வாக்கில் அமெரிக்காவைத் தாண்டியது. அதே சீனா 2024இல் வெறும் 0.2 சதவீதம். இங்கே ஒரு சின்னச் சுவாரசியம். 2024 லீப் ஆண்டு. ஆண்டில் ஒரு நாள் கூடினாலே 0.27 சதவீதம் கூடிவிடும். சீனாவின் வளர்ச்சியே அதைவிடக் குறைவு. அதனால்தான் இந்தக் கணக்குப் போடுபவர்கள் லீப் நாளைக் கழித்துவிட்டுச் சதவீதத்தைச் சொல்கிறார்கள்.

(திரையில்: தலைக்கு எத்தனை டன்? அமெரிக்கா 14, சீனா 8, இந்தியா 2)

தலைக் கணக்கையும் பார்த்துவிடுவோம். அமெரிக்காவில் ஒருவருக்கு ஆண்டுக்குச் சுமார் 14 டன், சீனாவில் 8 டன்னுக்கு மேல், உலகச் சராசரி 4.7, இந்தியாவில் 2 டன்னுக்குச் சற்று மேல். தலைக்கு 2.1 டன் என்ற இடத்திலிருந்து ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறினாலும் அமெரிக்கரின் இன்றைய அளவைத் தொட நமக்கு 39 ஆண்டு ஆகும். அதற்காக 5 சதவீதம் சாதாரணம் என்று நினைக்க வேண்டாம். அந்த வேகத்தில் 14, 15 ஆண்டில் மொத்தம் இரட்டிப்பாகும். 140 கோடி பேர் உள்ள நாட்டில் அந்த இரட்டிப்பு எத்தனை டன் என்று யோசித்தால் தலைச்சராசரியைக் காட்டித் தப்பிக்கவும் முடியாது. முதலில் சொன்ன இரண்டு கட்சிக்கும் ஆளுக்குப் பாதி கைவசம் இருக்கிறது.

(திரையில்: 2025 மதிப்பீடு. அமெரிக்கா 1.9, இந்தியா 1.4, சீனா 0.4, ஐரோப்பிய ஒன்றியம் 0.4)

கடைசியாக 2025க்கான பட்டியல். இரண்டே ஆண்டில் வரிசை மாறிவிட்டது. நான்கு பேருமே ஏறுமுகம், அமெரிக்கா முதலில் நிற்கிறது. அங்கே குளிர் கூடுதல். இங்கே பருவமழை முன்கூட்டியே வந்து வெயிலைத் தணித்தது, சூரிய மின்சாரமும் பெருகியது. டன்னில் போட்டால் அமெரிக்கா கூட்டியது 9 கோடிக்கு மேல், இந்தியா ஏறக்குறைய நாலரைக் கோடி. இந்த வருஷம் நம் பக்கம் போர் மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடியது என்று கமெண்டில் எழுதுங்கள். அடுத்த பட்டியலில் இந்தியாவின் எண் எந்தப் பக்கம் சாயும் என்று ஊகித்துப் பார்க்கலாம்.